ஜெயித்துக் கொடுத்த கோச்சை மாற்றலாமா? டெல்டா கால்பந்துக் கழகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சம்பா அறுவடை முடிந்து தரை காய்ந்ததும் எங்கள் பக்கம் கால்பந்து தொடங்கிவிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை, காரைக்கால் என்று ஏதாவது ஓர் ஊரில் டோர்னமென்ட் நடந்துகொண்டே இருக்கும். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் கோப்பைகள் யார் யார் வீட்டுக்கோ போய்விடும். அதற்குப் பிறகு, தோற்ற கழகங்களில் ஒரு பேச்சு எழும்: மாஸ்டரை மாற்றிவிடலாமா?

நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கழகத்தில் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடியவன். பிறகு அதற்கு 11 வருடம் செயலாளராக இருந்தேன். இந்த முடிவை எடுக்க இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை முடிவே தப்பு. இன்னொரு முறை முடிவு சரி, செய்த விதம் தப்பு. அக்கம்பக்கத்துக் கழகக்காரர்கள் என்னிடம் வந்து கேட்பது அதனால்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

தொடர்ந்து நாலு மேட்ச் தோத்துட்டோம். மாத்துறதுக்கு இது போதாதா?

போதாது. கபடியில் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் யார் மேல் என்று சந்தேகமே வராது. கால்பந்தில் கோல் அபூர்வம். ஆட்டம் முழுக்க நீங்களே பந்தை வைத்திருந்து, கம்பத்தில் இரண்டு முறை அடித்து, கடைசியில் ஒரு கார்னரில் கோல் வாங்கித் தோற்கலாம். நம் பக்கம் பெரும்பாலும் நாக் அவுட் வேறு. ஒரு தோல்விக்கே மூட்டை கட்ட வேண்டும். நாலு தோல்வியில் இரண்டு பெனால்டியில் போனது என்றால், அந்த நாலை வைத்து ஒருவரை எடைபோட முடியாது.

ஸ்கோரை விட்டுவிட்டு வேறொன்றை எண்ணுங்கள். ஆடாத பையன் ஒருவனிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து லைன் ஓரமாக உட்கார வையுங்கள். நாம் கோல் பக்கம் எத்தனை ஷாட் அடித்தோம், அவர்கள் எத்தனை அடித்தார்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நம் பசங்கள் ஓடினார்களா நடந்தார்களா. பத்து மேட்சுக்கு இந்தக் கணக்கு இருந்தால் பேசலாம். அது இல்லாமல் கூடும் கூட்டத்தில் சத்தம் போடுகிறவர் சொல்வதே தீர்ப்பாகிவிடும்.

முன்னாடி ஜெயிச்சுக் கொடுத்தாரே, அதுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

மரியாதை முழுசாகக் கொடுக்க வேண்டும். பதவிக்கு அது மட்டும் ஆதாரம் ஆகாது.

இந்தக் கேள்வி வந்தால் நான் லெஸ்டர் சிட்டியைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் 2015-16 பருவம் தொடங்கும்போது அந்த அணி லீக்கை வெல்லும் என்று பந்தயம் கட்டினால் 1-க்கு 5,000 தருவதாகச் சொன்னார்கள். கிளாடியோ ரனியேரி வென்று காட்டினார். 9 மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், அவரை நீக்கினார்கள். லீக்கில் வரிசையாக 5 தோல்வி. கீழ் டிவிஷனுக்கு இறங்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது அணி.

அவருக்கு ஒரே வருடத்தில் வித்தை மறந்துவிட்டதா? இடையில் நடந்ததைப் பாருங்கள். நடுக்களத்தில் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்த கான்டேயை 2016 கோடையில் செல்சி வாங்கிக்கொண்டது. அடுத்த பருவம் லீக்கை வென்றது செல்சி. கோச் அதே கோச்தான். அவருடைய திட்டம் எந்தக் காலை நம்பி நின்றதோ அந்தக் கால் போய்விட்டது.

நீக்கிய பிறகு துணைக் கோச் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். லீக்கில் முதல் 5 ஆட்டத்தையும் வென்று 12-ஆவது இடத்தில் முடித்தார்கள். நீக்கியது சரிதான் என்று எல்லாரும் பேசினார்கள். அவரையே நிரந்தரமாக்கினார்கள். 2017 அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார்.

புது கோச் வந்த உடனே எல்லா டீமும் ஜெயிக்குதே? அப்போ மாத்துறதுல பலன் இருக்குன்னுதானே அர்த்தம்?

காய்ச்சல் உச்சத்துக்குப் போன அன்றைக்குத்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். மறுநாள் குறைகிறது. மாத்திரையால் குறைந்ததா, தானாகக் குறையும் நாளா என்று அந்த ஒரு வீட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதே காய்ச்சல் வந்து மாத்திரை போடாத பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும்.

பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் அப்படிப் பார்த்தார். நெதர்லாந்தின் முதல் நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை எடுத்துக்கொண்டார். சரிவில் கோச்சை நீக்கிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவு சரிந்தும் நீக்காமல் இருந்த அணிகள் இன்னொரு பக்கம். நீக்கியவர்கள் மேலே வந்தார்கள், உண்மைதான். நீக்காதவர்களும் அதே மாதிரி மேலே வந்திருந்தார்கள்.

இதைச் சொன்னால் நம் ஆட்கள் நம்புவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், எந்தக் கழகமும் அணி சுமாராக இருக்கும்போது கோச்சை நீக்குவதில்லை. அடிமட்டத்தைத் தொட்ட பிறகுதான் நீக்குகிறது. அங்கிருந்து போக மேல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது.

அப்போ மாத்தவே கூடாதுங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. நமக்குப் பக்கத்திலேயே எதிர் உதாரணம் இருக்கிறது.

சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை இரண்டாவது முறை தூக்கியது. கோச் ஜான் கிரிகரி. அடுத்த பருவம் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, பத்து அணியில் பத்தாவது இடம். ஆனாலும் கழகம் அவரை வைத்துக்கொண்டது. கோப்பை வாங்கித் தந்தவர், ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்று நினைத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆட்களையும் மாற்றிக் கொடுத்தார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாம் வந்தார்கள்.

2019-20 தொடங்கியது. முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டம் முடிந்து ஒரே ஒரு வெற்றியோடு நின்றபோது, நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதே பசங்கள், அதே மைதானம். நாலாவது இடத்தில் முடித்து, அரையிறுதியில் கோவாவை வீழ்த்தி, இறுதி ஆட்டம் வரை போனார்கள். 2020 மார்ச் 14 அன்று ஆளில்லா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே-யிடம் 1-3 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தில் வால்ஸ்கிஸ் 15 கோல். கிரிகரி இருக்கும்போதும் அதே வால்ஸ்கிஸ்தான் அங்கே இருந்தார்.

லெஸ்டரையும் சென்னையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கோச் மாறவில்லை, ஆள் மாறிப்போனதால் சரிந்தது. இங்கே ஆள் மாறவில்லை, கோச் மாறியதும் எழுந்தது. உங்கள் கழகம் இதில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க டீம்ல தப்பு மாஸ்டர் மேலயா, பசங்க மேலயா?

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மேட்டூரைத் திட்டிவிடுகிறோம். வரும் வழியில் வாய்க்கால் தூர் வாரினார்களா, மதகு உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அணையைப் பற்றிப் பேச முடியும். நாங்கள் செய்த தப்பு இதுதான். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் முதல் மாஸ்டர் நாலு வருடத்தில் மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் ஊரில் ஓட்டு வீடுகளில் ஓடு இல்லை. தென்னை சாய்ந்த வீட்டுக்காரர்களுக்கு அடுத்த ஏழெட்டு வருட வருமானம் சாய்ந்தது. நடுக்களத்தில் ஆடிய இரண்டு பேர் தை மாதமே திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். கோல் கீப்பர் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். மீதி இருந்தவர்களில் பாதிப் பேர் காலையில் பயிற்சிக்கு வர முடியாமல் வீடு கட்டும் வேலையில் நின்றார்கள். 2019 கோடையில் மூன்று டோர்னமென்டிலும் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம்.

கமிட்டியில் என்ன பேசினோம் தெரியுமா? மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, பழைய வேகம் இல்லை. நானும் தலையாட்டினேன். அந்த ஆடியில் அவரை அனுப்பிவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். அடுத்து நாங்கள் ஆடிய ஆறு டோர்னமென்டிலும் அவராலும் முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை. பசங்கள் இல்லாத இடத்தில் அவர் மட்டும் என்ன செய்வார்? யார் ஊரைவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அந்தக் கூட்டமே நடந்திருக்காது.

ஆகவே முதலில் அந்தத் தாள். ஜெயித்த வருடத்து 11 பேரின் பெயரை எழுதுங்கள். இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன வயது? பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் மைதானம் கிடைக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், அறுவடைக் காலத்தில் நெல் காயும், மீதி எத்தனை மாதம்? பந்து எத்தனை இருக்கிறது? எதிர் அணிகளில் வெளியூர் ஆட்களுக்குப் பணம் கொடுத்து இறக்குகிறார்களா? இதில் பாதி மாறியிருந்தால் மாஸ்டர் மேல் கை வைக்காதீர்கள்.

எதுவுமே மாறவில்லை, ஆனாலும் அணி இறங்குகிறது என்றால் அடுத்த கேள்வி: மாஸ்டர் இன்னும் புதிதாக எதையாவது யோசிக்கிறாரா?

இதற்கு நான் சொல்வது சையது அப்துல் ரஹீமை. அவர் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேற்றம். அவர் காலம் முடிந்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் என்ன செய்தார்? தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் அணியின் தடுப்பாட்டக்காரர். அவரைத் தூக்கி முன்வரிசையில் நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் அடித்தார். 2-1, தங்கம். ரஹீம் அப்போது புற்றுநோயோடு இருந்தார். மறு வருடம் காலமானார். உடம்பு அந்த நிலையில் இருக்கும்போதும், இருக்கிற ஆளை வைத்து வேறென்ன செய்யலாம் என்று யோசித்த மனிதர்.

எங்கள் மூன்றாவது மாஸ்டரிடம் அது இல்லை. நல்ல மனிதர், வந்த முதல் வருடமே கோப்பை வாங்கினார். ஆனால் ஒவ்வொரு நாளும் பத்து ரவுண்டு ஓட்டம், பிறகு இரண்டாகப் பிரித்து மேட்ச், முடிந்தது. ஆட்டத்தில் ஒரே வழி: பின்னாலிருந்து உயரப் பந்து, முன்னால் நிற்கும் நெட்டைப் பையன் தலை. மூன்றாவது வருடம் எதிர் அணிக்காரர்கள் அவனுக்கு இரண்டு பேரை நிறுத்திவிட்டு நிம்மதியாக ஆடினார்கள். அதைப் பார்த்தும் அவர் மாற்றவில்லை. நான் போய்க் கேட்டபோது, பசங்கள் சரியாகத் தலை கொடுப்பதில்லை என்றார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய டீமுங்க பொறுமையா இருந்து பலன் கண்டதில்லையா?

உண்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தார். 1989 செப்டம்பரில் உள்ளூர் எதிரி மான்செஸ்டர் சிட்டியிடம் 1-5. அவரைப் போகச் சொல்லிக் குரல் எழுந்த காலம் அது. கழகம் தாங்கிப் பிடித்தது. 1990-இல் எஃப்.ஏ. கோப்பை, 1993-இல் லீக். 2013-இல் ஓய்வு பெறும்போது லீக் பட்டம் மட்டும் 13. ஸ்காட்லாந்தில் அபர்டீனோடு ஐரோப்பிய அளவில் கப் வின்னர்ஸ் கோப்பை வரை வென்றுவிட்டு வந்தவருக்கே அத்தனை வருடம் தேவைப்பட்டது.

பொறுமை காத்து ஏமாந்த கதையும் உண்டு. ஜெர்மனிக்கு 2014-இல் உலகக் கோப்பை வாங்கித் தந்த யோவாகிம் லோவ், 2018-இல் மெக்சிகோவிடமும் தென் கொரியாவிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறினார். வைத்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் ஸ்பெயினிடம் 0-6. அடுத்த வருடம் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில் இங்கிலாந்திடம் தோற்று விடைபெற்றார்.

இதில் எனக்குப் பிடித்தது ஜெர்மன் கழகமான டார்ட்மண்டும் அதன் கோச் யூர்கன் க்ளாப்பும் பிரிந்த விதம். 2011, 2012 இரண்டு வருடமும் ஜெர்மன் லீக்கை வென்றவர். கோட்சேயையும் லெவன்டோவ்ஸ்கியையும் அடுத்தடுத்து எதிர்க் கழகமான பேயர்ன் மியூனிக் கொண்டுபோனது. 2015 பிப்ரவரியில் டார்ட்மண்ட் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. அப்போதும் கழகம் அவரை விடவில்லை. ஏழாவது இடம்வரை ஏற்றிவிட்டு, பருவம் முடிந்ததும் அவரே விலகினார். இரண்டு பக்கமும் முகம் சுளிக்காமல் பிரிந்தார்கள்.

எங்க மாஸ்டர் சம்பளமே வாங்குறதில்ல. அவரைப் போய் எப்படி நிறுத்துறது?

டெல்டாவில் பாதிக் கழகங்களின் நிலை இதுதான். பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியரோ, ரிட்டயர் ஆன போலீஸ்காரரோ, பழைய ஆட்டக்காரரோ விடியற்காலையில் சொந்தப் பெட்ரோலில் வந்து சொல்லிக் கொடுப்பார். அவருக்கு ஒரு மாதமும் எதுவும் கொடுக்காத கமிட்டி, நாலு தோல்வி வந்ததும் முதலாளி மாதிரி பேசுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த இடத்தில் நீக்குவது என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பெரும்பாலும் அவருக்கே களைப்பு வந்திருக்கும், சொல்லமாட்டார். உதவிக்கு ஒருவரைப் போடலாமா என்று கேளுங்கள். சீனியர் அணியை இளையவரிடம் கொடுத்துவிட்டுச் சின்னப் பசங்களை இவர் பார்க்கலாம். காலைப் பிடித்துச் சரியாகப் பந்தைத் தடுக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு அனுபவம்தான் வேண்டும்.

பசங்களே அவர் வேண்டாம்னு சொல்றாங்க.

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன் சொன்னால் அதற்கு ஒரு எடை. தினமும் முதலில் வந்து கடைசியில் போகிற கேப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னால் அது வேறு எடை. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஒருவன் குரலுக்குப் பத்துப் பேர் பின்னால் நிற்பார்கள். அடிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், சாதி பார்த்து ஆளை இறக்குகிறார் என்று வந்தால் மட்டும் பொறுமை, பருவம், பழைய கோப்பை எதையும் பார்க்காதீர்கள். அன்றைக்கே நிறுத்துங்கள்.

சீசன் நடுவுல மாத்தலாமா, முடிஞ்ச பிறகா?

முடிந்த பிறகு. நம்முடையது நாலு மாத சீசன். நடுவில் வருகிறவர் பசங்கள் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் மேட்டூர் திறந்துவிடுவார்கள். ஆனியில் பேசி முடித்தால் மழைக்கு முன்னால் புதியவருக்கு இரண்டு மூன்று மாதமாவது கிடைக்கும்.

அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

நாங்கள் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

மூன்றாவது மாஸ்டரை மாற்றுவது என்று ஒரு ராத்திரி முடிவெடுத்தோம். யார் போய்ச் சொல்வது என்பதில் ஆளுக்கு ஆள் தயங்கினோம். கடைசியில் ஒருவர் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நன்றி தெரிவித்து ஒரு செய்தி போட்டார். மாஸ்டர் ராத்திரி போனைப் பார்ப்பவர் இல்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம் போல் பந்து மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். பசங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன்தான் போய், “மாஸ்டர், குரூப்ல பாக்கலையா?” என்று கேட்டிருக்கிறான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பந்துகளை எண்ணி, ஒன்பது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். செயலாளர் நான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மாற்றியது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் காலையை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது.

செயலாளரும் தலைவரும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுற்றி வளைத்தால் அது அவமானம். அவர் திட்டினால் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அடுத்த டோர்னமென்டில் பரிசு கொடுக்க அவரை மேடைக்கு அழைக்க வேண்டும்.

புதுசா யாரைப் போடலாம்? வெளியூர் ஆளா, நம்மகிட்ட ஆடின பையனா?

பணம் இருந்து, அவர் வாரம் நாலு நாள் வருவார் என்றால் வெளியூர் ஆள். இல்லையென்றால் உள்ளூரில் ஆடிய பையன். அவனை அடிப்படைப் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பொறுப்பைக் கொடுங்கள். நன்றாக ஆடியவன் எல்லாம் நன்றாகச் சொல்லித் தருவான் என்பதில்லை. தம்பிமார்களுக்கு ஷூ கயிறு கட்டிவிடுகிறவன் யார் என்று பாருங்கள்.

அனுப்பின மாஸ்டரையே திரும்பக் கூப்பிடலாமா?

இத்தாலிக்கு 2006-இல் உலகக் கோப்பை வாங்கித் தந்த லிப்பியைத் திரும்ப அழைத்தார்கள். 2010-இல் முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். பிரேசிலுக்கு 2002-இல் வென்று தந்த ஸ்கோலாரியை அழைத்தார்கள். 2014-இல் ஜெர்மனியிடம் 1-7. ஆனால் பேயர்னுக்கு 2013-இல் மூன்று கோப்பை வாங்கிய யூப் ஹைன்கெஸ், 2017-இல் ஓய்விலிருந்து வந்து அந்தப் பருவத்து லீக்கை வென்று கொடுத்துவிட்டுப் போனார். கோய்லைச் சென்னையும் 2023-இல் திரும்ப அழைத்தது, பிளே-ஆஃப் வரை போனது. பழைய கோப்பையைத் திரும்ப வாங்கித் தா என்று கூப்பிட்டால் சரிப்படாது. இன்றைக்கு இருக்கும் ஒரு வேலைக்கு அவர் பொருத்தம் என்றால் கூப்பிடலாம்.

கஜாவுக்கு அடுத்த வருடம் நாங்கள் அனுப்பிய முதல் மாஸ்டர் வீட்டுக்கு நான் போன தையில் போனேன். பொங்கல் முடிந்து நாலாவது நாள். திண்ணையில் உட்கார வைத்தார். 2019-இல் செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள் மாஸ்டர் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, திருப்பூர் போன அந்த இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னேன். “சின்னப் பசங்க இருந்தா சொல்லு தம்பி, வரேன்” என்றார். இப்போது செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணிக்கு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவர்தான் மாஸ்டர். போன வாரம் எண்ணினேன், 23 பேர் வருகிறார்கள்.